வழக்கை நடத்துவது சட்டமா, செல்வாக்கா?

(நல்லதண்ணியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் கூடியிருக்கும் நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள், அரசியல் செல்வாக்கு நீதியின் வாயிலில் எங்ஙனம் காவல் நிற்கின்றது என்பதாகும்.

அநீதி என்றவுடன் நீதிபதியின் தீர்ப்பையே நாம் நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. நீதிபதி தம்முன் வந்த வழக்கையே விசாரிக்கலாம். வராத வழக்கை அவர் என் செய்வார்? பாரதூரமான குற்றங்களில் யாரை மேல் நீதிமன்றத்தில் நிறுத்துவது, எக்குற்றத்தைச் சாட்டுவது, தொடுத்த வழக்கை நடத்துவதா கைவிடுவதா என்பவற்றைத் தீர்மானிப்பவர் சட்டமா அதிபர். அவரே அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும் ஆவார். அமைச்சர்களுக்கு ஆலோசனை கூறுபவரே, அவர்களுக்கு வேண்டியவர்கள் மீது வழக்குத் தொடுக்கவும் வேண்டும். நோய் பிறக்குமிடம் இதுவே.

இப்பிரச்சினை மலையகத்துக்குப் புதிதன்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். விசாரணைக் குழு அமைந்தது. வேலைநிறுத்தக்காரர் மீதிருந்த வழக்குகளைத் தள்ளிவைக்கக் கோருமாறு உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபரைப் பணித்தார். அவர் மறுத்தார். ஆளுநர் கல்டெகொட் அவர் பக்கமே நின்றார். அமைச்சர்கள் பதவி துறந்தனர்.

அமைச்சரின் சொல் அன்று தொழிலாளிக்கு அனுகூலமாக இருந்தது. பொலிஸ் மா அதிபரும், மக்களுக்குப் பொறுப்புக் கூறாத ஓர் ஆளுநரின் நிழலில் நின்றவரே. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்! இன்று நமக்காக வழக்கைத் தடுக்கும் கை, நாளை நம்மைக் கொன்றவனுக்காகவும் தடுக்கும்.

இங்கிலாந்தில் 1924-இல் கேம்பல் என்னும் பத்திரிகையாசிரியர் மீது தொடுத்த வழக்கு கைவிடப்பட்டது. அரசியல் காரணத்துக்காகவே கைவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு பாராளுமன்றத்தில் எழுந்தது. முதலாவது தொழிற்கட்சி அரசாங்கமே கவிழ்ந்தது. அங்கே ஒரு வழக்கு ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்தது. இங்கே அரசாங்கம் மாறினால் வழக்குகள் கவிழ்கின்றன!

மிகையென்பீர்களா? பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது மட்டக்களப்புத் தேவாலயத்தினுள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டோரின் வாக்குமூலங்களை நீதிமன்றம் ஏற்காதொழிந்தபின், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது, அனைவரும் விடுதலையாயினர். 2008, 2009-இல் கொழும்பிலும் அயலிலும் பதினொருவர் கடத்தப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட மீதான குற்றச்சாட்டைத் தொடரப்போவதில்லை என்று 2021 ஆகஸ்டில் கூறப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமனம் பெற்றார். பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009-இல் கொல்லப்பட்டார். அவ்வழக்கின் சந்தேகநபர் மூவருக்கெதிராக மேற்செல்ல வேண்டியதில்லை என்று 2025 ஜனவரியில் எழுதப்பட்ட கடிதம் பின்னர் வெளிப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தபின் அது நிறுத்திவைக்கப்பட்டது.

இவையாவும் கட்டளையின்பேரில் நடந்தவை என்று நாம் கூறவில்லை. சான்று போதாமையால் வழக்கைக் கைவிடுவது நேர்மையான வழக்குத்தொடுநரின் கடமையுமாகும். ஆனால், காரணம் மறைக்கப்படுமிடத்து, நேர்மையான முடிவையும் மக்கள் நம்பமாட்டார்கள். கொலையுண்டவரின் குடும்பத்துக்கு ஒரு தாளில் காரணம் எழுதிக்கொடுப்பதில் அரசாங்கத்துக்கு என்ன நட்டம்?

சட்டமா அதிபரின் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்று 2001-இன் 17-ஆம் திருத்தம் விதித்தது. 2010-இன் 18-ஆம் திருத்தம் அதனை நீக்கிற்று. 2015-இல் 19-ஆம் திருத்தம் மீட்டது. 2020-இல் 20-ஆம் திருத்தம் மீண்டும் பறித்தது. 2022-இல் 21-ஆம் திருத்தம் திருப்பித் தந்தது. ஆட்சிக்கேற்ப ஆடும் ஊஞ்சலா நீதி?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. வழக்குத்தொடுக்கும் அதிகாரம் அரசாங்க ஆலோசகரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அலுவலகத்திடம் சேரவேண்டும். அத்தகைய யோசனையை அரசாங்கமே 2025-இல் முன்வைத்துள்ளது. வழக்கைக் கைவிடுங்கால் காரணம் எழுத்தில் தரப்படவேண்டும். அம்முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கப் பாதிக்கப்பட்டோருக்குத் தெளிவான, செலவு குறைந்த வழி வேண்டும்.

தோழர்களே, நம்மையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும். நம் பிள்ளை பொலிசில் அகப்பட்டால் உடனே தொழிற்சங்கத் தலைவரையும் பாராளுமன்ற உறுப்பினரையும் தேடி ஓடுகிறோம். ‘ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா’ என்கிறோம். அவ்வொரு வார்த்தைதான் கொழும்பில் பெரிய மனிதர்களுக்காகப் பெரிய வார்த்தையாகின்றது. தோட்டத்தில் செல்வாக்கைப் பயிரிட்டுவிட்டுத் தலைநகரில் நீதியை அறுவடை செய்யவியலாது.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், சட்டத்தரணியை நாடுங்கள். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்லுங்கள். கொழுந்து பறிப்பவளின் முறைப்பாடும் கடற்படைத் தளபதியின் வழக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படும் நாளே, இந்நாட்டில் நாம் குடிமக்களானோம் என்று மெய்யாகச் சொல்லத்தக்க நாள்.