நாலாயிரம் டாலர் 'டூப்ளிகேட்'

இன்னைக்கு ஒரு திருட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்.

2018, அமெரிக்காவோட பென்சில்வேனியா மாநிலம். ஒரு பண்ணைக் கொட்டகையில பழைய சாமான் விற்பனை. பழம்பொருள் வியாபாரி ஒருத்தர் அங்க ஒரு நீளமான ரைஃபிளை 4,000 டாலருக்கு வாங்குறார். இந்தக் காலத்துல யாரோ செஞ்ச நகல்னு நினைப்பு. அப்புறம்தான் தெரியுது, அது 1775ல கிறிஸ்டியன் ஓர்ட்டர்ங்கிற கைவினைஞர் செஞ்ச அசல். 1971ல வேலி ஃபோர்ஜ் அருங்காட்சியகத்துல இருந்து திருடு போனது. செஞ்சவர் பேரும் வருஷமும் அதுலயே பொறிச்சிருக்கு!

தொழில் தெரிஞ்ச ஆளே எப்படி ஏமாந்தார்?

18ஆம் நூற்றாண்டுல பென்சில்வேனியாவுக்குக் குடியேறின ஜெர்மன் கைவினைஞர்கள் கொண்டுவந்தது குட்டையான யேகர் ரைஃபிள். இங்க வந்து குழலை ஒரு மீட்டருக்கு மேல நீட்டினாங்க, துளையைச் சிறுசாக்கினாங்க. ஈயமும் மருந்தும் கம்மியாப் போதும். காட்டுல மாசக்கணக்கா அலையறவனுக்கு அது பெரிய விஷயம். (பின்னாடி 'கென்டக்கி ரைஃபிள்'னு பேர் வந்துச்சு. செஞ்ச ஊர் ஒண்ணு, பேர் வாங்கின ஊர் இன்னொண்ணு!)

பட்டை இரும்பைக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுத்தி மடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு ஒட்டினாத்தான் குழல். குண்டைச் சுழல வைக்கிற உள்வரிகளை ஒவ்வொண்ணா, கையாலயே இழுத்து இழுத்துச் சுரண்டணும். இதுவரைக்கும் அவசியம். இதுக்கு மேல நடந்ததுதான் எனக்குப் பிடிச்சது. புலிவரி ஓடுற மேப்பிள் கட்டையில, கன்னம் படுற பக்கம் கொடிச் செதுக்கல். எண்ணெய்த் துணி வைக்கிற குழிக்குப் பித்தளை மூடி, அதுல பூவேலை. சிலதுல வெள்ளிக் கம்பிகூட உண்டு: மரத்தை மெல்லிசாக் கீறி, கம்பியை உள்ள அழுத்தி, ஈரம் பண்ணா மரம் ஊதி அதைக் கவ்விக்கும். குறி பாக்க இதுல எதுவுமே உதவாது. ஆனா எந்த வட்டாரத்து வேலைன்னு இன்னைக்கும் இதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க.

அழகை மட்டும் பேசிட்டுப் போகவும் முடியல. பூர்வகுடிகளோட நிலத்தைப் பிடிச்சவங்க கையில இது இருந்துச்சு. எதிர்த்து நின்ன ஷானி, டெலவேர் மக்கள் கையிலயும் இருந்துச்சு.

ஆலைத் துப்பாக்கிகள் வந்ததும் இந்தக் கைவேலை தேஞ்சுபோச்சு. 1960கள்ல வில்லியம்ஸ்பர்க்ல வாலஸ் கஸ்லர் பழைய முறையிலயே ஒரு முழு ரைஃபிளைச் செஞ்சு காட்டினார். 1969ல அது படமாவும் வந்துச்சு. அப்புறம் நிறைய பேர் கத்துக்கிட்டாங்க. நகல்கள் அவ்வளவு நல்லா வர ஆரம்பிச்சதாலதான் அசலையே சந்தேகப்பட்டுட்டாரோன்னு எனக்குத் தோணுது.

விஷயம் தெரிஞ்சதும் வியாபாரி அதைத் திருப்பிக் கொடுத்துட்டார். 2019ல பிலடெல்பியாவுல, அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்துல மறுபடி காட்சிக்கு வந்துச்சு. திருடினவர் 2021ல குற்றத்தை ஒத்துக்கிட்டார். அதுக்குள்ள அவருக்கு எழுபது தாண்டிடுச்சு.