போட்ட ரோட்டை ஏன் தோண்டுகிறார்கள்?

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பேசியது. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் திருத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் செட் நண்பன் ஒருவன் கேட்டான். "ஏண்டா, எங்க தெருவுல போன மாசம்தான் ரோடு போட்டாங்க. இந்த மாசம் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க. எந்த மடையன்டா இதுக்கெல்லாம் எஸ்டிமேட் போடறான்?" நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்னை மாதிரி ஒரு மடையன்தான்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வரி கட்டுகிறவனுக்குச் சிரிப்பு வராதது நியாயம்தான். அதனால் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவன் கேள்விக்கே பதில் சொல்லப் போகிறேன்.

நான் ஒரு நகராட்சியில் பொறியாளர். 33 வார்டு, ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு தினசரி மார்க்கெட், ஒரு ஏரி. ஊர்ப் பெயர் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லப் போகிறேன், அதில் ஊரைச் சேர்த்து இழுப்பது சரியில்லை.

எங்கள் ஊரில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கிற தார் எங்களுடையது. அடியில் போகும் குடிநீர்க் குழாய் எங்களுடையது, ஆனால் அதில் வரும் தண்ணீர் குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வருகிறது. கம்பத்தில் எரியும் விளக்கு எங்களுடையது, கரண்டு மின்வாரியத்துடையது. டெலிபோன் கேபிள் இன்னொருவருடையது. தெரு போய் முட்டும் கடைவீதி இருக்கிறதே, அது நெடுஞ்சாலைத் துறையுடையது. அங்கே ஒரு குழாய் உடைந்தால் நாங்கள் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தோண்ட முடியும். ஆனால் ஜனங்களுக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் ஏழு மணிக்குக் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அவர் ஏழு ஐந்துக்கு எனக்குப் போன் போடுவார்.

1992-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, 1993 ஜூன் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது என்று படித்திருப்பீர்கள். அதில் பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்று, மொத்தம் 18 பொருள்கள். முதலாவதே நகரமைப்பு. இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. சாலை நான்காவது, குடிநீர் ஐந்தாவது. பார்த்தால் ஊர் முழுக்க நகர்மன்றத்தின் கையில் இருப்பதுபோல இருக்கும். ஆனால் இந்த அதிகாரங்களை மாநிலங்கள் "கொடுக்கலாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது, "கொடுக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அந்த ஒரு எழுத்து வித்தியாசத்தில்தான் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி நகர் ஊரமைப்பு அலுவலகத்தில். அந்த மனைப்பிரிவில் குடிவந்தவர்களுக்குத் தண்ணீரும் சாக்கடையும் எங்கள் தலையில்.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ரோடு ஏன் மறுபடி தோண்டப்படுகிறது? சாலைக்கு வரும் நிதி ஒரு திட்டத்தில் வரும், மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். குழாய்க்கு வரும் நிதி வேறு திட்டம், அதன் டெண்டர் ஜூலையில் முடியும். முதலில் வந்த பணத்தில் முதலில் போடுகிற வேலை ரோடு. "குழாய் வரட்டும், பிறகு ரோடு போடலாம்" என்று கோப்பில் எழுதினால், "அப்படியானால் இந்த வருஷ ஒதுக்கீடு உங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். வார்டில் மூன்று வருஷமாகக் குண்டும் குழியுமாகக் கிடக்கிற தெருவுக்கு "வேண்டாம்" என்று யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி பணத்திலோ தேதியிலோ இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

விளைநிலத்தில் கல் நட்டு, கொடி கட்டி, "ப்ளாட் விற்பனைக்கு" என்று பலகை வைக்கிற அன்றைக்கே அந்த இடத்தின் அடுத்த ஐம்பது வருஷத் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. ரோடு எத்தனை அடி, எங்கே வளைகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், எல்லாம் அந்தத் தாளில். சட்டப்படி மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு. சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அனுமதியே வாங்காமல் பிரித்து விற்றவை ஊர் ஊருக்கு எத்தனை! 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கலாம் என்றார்கள். எங்கள் ஆபீஸில் அந்த நாட்களில் ஜெராக்ஸ் மெஷின் அணையவே இல்லை. மனைக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. எட்டடிச் சந்து எட்டடியாகவேதான் இருக்கிறது. அதில் குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மழைநீர் வடிகால், நடுவில் மேன்ஹோல், மேலே ரோடு எல்லாம் வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். உடையாமல் தோண்டுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

இப்போது என் தப்பு.

2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச் வரை தமிழ்நாட்டில் நகர்மன்றமே கிடையாது, தனி அலுவலர்தான். நான் வேலை கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில். கேள்வி கேட்க யாரும் இல்லாததால், பதில் சொல்லும் பழக்கமும் எனக்கு வரவில்லை. 2022 பிப்ரவரி 19-ந் தேதி தேர்தல் நடந்து மன்றம் வந்த பிறகு, ஒருநாள் மாதக் கூட்டம். அஜெண்டாவில் ஐம்பதுக்கு மேல் பொருள்கள். ஒரு தெருவிளக்கு பழைய கம்பத்தில் இருக்கட்டுமா, எதிர்க் கம்பத்துக்கு மாறட்டுமா என்று முக்கால் மணி நேரம் சண்டை. இரண்டு உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். 38-வது பொருள்: ஏரிக்கு மேற்கே தரிசாகக் கிடந்த புஞ்சையை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்ற ஆட்சேபணை உண்டா? எழுத்தர் எண்ணை வாசித்தார். "அனுமதிக்கலாம்" என்று ஒரு குரல். அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

அந்தப் புஞ்சை எனக்குத் தெரியும். ஊரில் பெய்கிற மழை நேராக ஏரிக்குப் போகாது. முதலில் அங்கே பரவி நின்று, பிறகு மெதுவாக ஏரிக்குள் இறங்கும். மழைக்காலத்தில் நானே முழங்கால் தண்ணீரில் அங்கே நின்றிருக்கிறேன். ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து சொல்லலாமா என்று நினைத்தேன். ஆணையாளர் என்னைப் பார்க்கவில்லை. இது நகரமைப்பு ஆய்வாளரின் கோப்பு, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, பணம் தரவில்லை. கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மனை போட்டவர்கள் மண் கொட்டி நாலடி உயர்த்தினார்கள். வாங்குகிறவர்கள் மேட்டு மனைதானே கேட்பார்கள்? 2024 வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வந்து, இடம் இல்லாமல் பின்னால் திரும்பி, பக்கத்துப் பழைய தெருவுக்குள் போனது. அங்கே வேறு ஒரு புண்ணியம் ஏற்கெனவே செய்து வைத்திருந்தோம். தாரின் மேல் தார் போட்டு, பதினைந்து வருஷத்தில் மூன்று தடவையாகத் தெரு முக்கால் அடிக்குக் கிட்டே உயர்ந்திருந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-ல் அறிவுறுத்தினார். அதற்கு முன்பே எங்கள் தெரு வளர்ந்துவிட்டது. திண்ணை வைத்த வீடுகளெல்லாம் படி இறங்கிப் போகிற வீடுகள் ஆகிவிட்டன.

இரவு மோட்டார் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், கட்டில் மேல் கட்டில் போட்டு அதன் மேல் அரிசி மூட்டையை வைத்துவிட்டு வாசலில் நின்றார். "தம்பி, அம்பது வருஷமா இந்த வீட்ல இருக்கேன். தண்ணி இந்தப் பக்கம் வந்ததே இல்ல. இப்ப மட்டும் ஏன் வருது?" என்றார். எனக்குப் பதில் தெரியும். "மழை ஜாஸ்தி பாட்டி" என்றேன்.

அதற்குப் பிறகு தூக்கம் சரியாக இல்லை. பணி ஆய்வாளரையும் ஒரு ஃபிட்டரையும் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் லெவல் எடுக்க ஆரம்பித்தேன். மூன்றாம் வருஷ சர்வே கேம்ப்பில் "ரீடிங் தப்பு, திரும்ப எடு" என்று வெயிலில் என்னை நிற்க வைத்த பேராசிரியர் முதல் வரிசையில் இருக்கிறார். சார், நான்கு வார்டுக்கு எடுத்தேன், குளோசிங் எரர் சரியாக வந்தது. அதை ஒரு பெரிய தாளில் வரைந்து, தாழ்ந்த இடத்துக்கு நீலம், மேட்டுக்கு மஞ்சள் அடித்தேன். அடுத்த நில உபயோக மாற்றம் அஜெண்டாவில் வந்தபோது, நகர்மன்றத் தலைவரிடம் அனுமதி கேட்டு அதைச் சுவரில் மாட்டினேன்.

அன்றைக்கு தெருவிளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தப் படத்தின் முன்னால் நின்றார்கள். "என் வீடு எங்க சார் வருது?" "இந்த நீலம் ஏன் ஸ்கூல் வரைக்கும் வருது?" எட்டாவது வரை படித்த ஒரு கவுன்சிலர் அம்மா, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார், என் படத்தில் இல்லாத ஒரு குழாய்ப் பாலத்தைச் சொல்லித் திருத்தவும் செய்தார். அந்தப் பொருளை ஒத்திவைத்து, வடிகாலுக்கு இடம் விட்டு வரைபடத்தை மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அதே அம்மா கேட்டார்: "ஏன் சார், ஏரிப் பக்கத்து நிலம் வந்துச்சே, அன்னிக்கே இந்தப் படத்தைக் காட்டியிருக்கலாமே?"

நகர்மன்றம் என்றாலே நம் மாதிரிப் படித்தவர்கள் சிரிப்போம். அவர்களுக்கு என்ன தெரியும் என்போம். ஆலந்தூர் நினைவிருக்கிறதா? 1996-ல் ஆர்.எஸ். பாரதி தலைவராக வந்த நகராட்சி. பாதாளச் சாக்கடைக்குச் சுமார் 34 கோடி ரூபாய் வேண்டும். வீட்டுக்கு ரூ.5,000 முன்பணம் கேட்டார்கள், வேலை தொடங்குவதற்கு முன்னால்! அந்தக் காலத்து ஐயாயிரம். ஜனங்கள் தர மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். கொடுத்தார்கள். மீதிக்குக் கடன், சுத்திகரிப்பு நிலையம் தனியார் கட்டி நடத்தும் முறையில். 2011-ல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆனால் இன்றைக்கும் பிற மாநிலங்களில் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள். அங்கே குழாயின் விட்டம் புதிதல்ல. ஜனங்களிடம் போய் முன்கூட்டியே சொன்னதுதான் புதிது.

அந்த ஏரிப் பக்கத்து மனைகளை இனி ஒன்றும் செய்ய முடியாது. வீடு கட்டியவர்கள் மேல் தப்பில்லை, கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு அடியில் ஒரு பெரிய வடிகால் போட எஸ்டிமேட் தயாராகிறது. அதற்காகப் போன வருஷம் போட்ட ரோட்டை மறுபடி தோண்டப் போகிறோம். நண்பா, நீ கேட்ட கேள்விக்கு என் ஊரில் பதில் இதுதான்.

தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். வருஷாவருஷம் சர்வே கேம்ப் என்று மலை ஏறுகிறீர்கள். நானும் ஏறினேன், போட்டோ எல்லாம் இருக்கிறது. அந்தக் காண்டூர் படத்தை யாராவது திரும்பப் பார்த்தோமா? எனக்கு இன்னும் 29 வார்டுக்கு லெவல் வேண்டும். இரண்டு ஆட்களை வைத்து ஞாயிறு ஞாயிறாக எடுத்தால் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன். அறுபது பேர் பத்து நாள் வந்தால் முடிந்துவிடும். துறைத்தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன், மன்றத்தின் தீர்மான நகலும் அதோடு இருக்கிறது. தங்குவதற்கு நகராட்சிச் சமுதாயக் கூடம். மாணவிகளுக்குப் பள்ளி விடுதியில் பேசி வைத்திருக்கிறேன். சாப்பாடு நம் ஹாஸ்டல் மெஸ்ஸைவிட நன்றாகவே இருக்கும், அதற்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அக்டோபருக்கு முன்னால் வந்துவிடுங்கள். மழை வந்துவிட்டால் ஸ்டாஃப் நிறுத்த இடம் இருக்காது.