மரத்துண்டு தொங்கிய கழுத்து

கோடை விடுமுறை பிறந்தவுடன் வளரிளம் பிள்ளைகளை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு விரட்டும் தமிழ்ப்பெற்றோர், அவ் ஆங்கிலத்தின் அண்டைவீடாகிய வேல்சு நாட்டைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில், அங்குள்ள பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய சிறுவன் கழுத்தில் மரத்துண்டொன்று தொங்கியது. அடுத்துப் பேசியவன் கழுத்துக்கு அது மாறும். மாலையில் எவன் கழுத்தில் கிடந்ததோ அவனுக்கு அடி! தோழனைத் தோழனே காட்டிக்கொடுக்கச் செய்த கொடுமை அது.

அம் மண்ணில்தான் இவான் அப் ஓவன் எட்வர்டுசு என்பார் 1922இல், தாம் நடத்திய சிறுவர் இதழின் வழியே இளையோர் இயக்கம் கண்டார். 1928இல் முதற் கோடைப் பாசறை. வேல்சு மொழியே அங்கு வழங்குமொழி. 1929இல் இளையோர் கலைவிழா. இன்றும் நடந்துவரும் அவ்விழாவில் பாவுக்கு நாற்காலி, உரைநடைக்கு மணிமுடி! புனைபெயரில் எழுதி மறைந்திருந்த இளைஞர், வென்ற பெயர் முழங்கியதும் கூட்டத்தின் நடுவே எழுந்து நிற்பார். அரசர்க்குரிய சிறப்பன்றோ அது?

வேல்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிரித்தானியத் தலைமையமைச்சர் இலாயிட்டு சார்ச்சு இறுதியில் வாழ்ந்த வீடு, 1990இல் எழுத்துப் பயிற்சி மனையாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் எழுத்தாளரோடு அங்குத் தங்கிக் கதையும் பாவும் எழுதுகின்றனர். ஆங்கில வகுப்பும் அங்குண்டு, மறைப்பதற்கில்லை. ஆயினும் வேல்சுக்கென்று தனியிருக்கை உண்டு.

தமிழூர்களில், வருங்கோடையில், பத்துப் பிள்ளைகள் அமர்ந்தெழுத ஒரு திண்ணையேனும் கிடைக்காதா?