எது பெரியது, எது சிறியது?

(திருவண்ணாமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கணக்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டேன். "முன்னாடி" என்றார்கள். ஆகவே சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண்களை ஏறுவரிசையில் எழுதும் பாடம் ஒன்று உண்டு. ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து, "சார், ரூட் ரெண்டு 1.41, ரூட் மூணு 1.73. கூட்டினா 3.14. அப்ப அதுதானே பை?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தப் பாடத்தின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

1.41 என்று நிறுத்தினால் என்ன அர்த்தம்? √2 என்பது 1.41-க்கும் 1.42-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அவ்வளவுதான். √3 அதேபோல 1.73-க்கும் 1.74-க்கும் நடுவில். இரண்டையும் கூட்டினால் 3.14-லிருந்து 3.16 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பை இருப்பதோ 3.14-க்கும் 3.15-க்கும் நடுவில். இரண்டு வேலிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அப்படி விழுந்தால் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னும் ஒரு இலக்கம் போக வேண்டும். 1.414, 1.732 என்று போனால் கூட்டுத்தொகை 3.146-க்குக் கீழே வராது. பை 3.142-ஐத் தாண்டாது. இப்போது வேலிகள் பிரிந்துவிட்டன. √2 + √3 தான் பெரியது. எத்தனை இலக்கம் போட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேலி பிரியும் வரைக்கும், வேறு கணக்கு கிடையாது.

தசமப் புள்ளி இல்லாத காலத்து நம்மூர்க் கணக்கிலும் இதே கதைதான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, காணி 80-ல் ஒன்று, முந்திரி 320-ல் ஒன்று. பையை இதில் அளந்து பாருங்கள்: மூன்றும் அரைக்காலும் காணியும் முந்திரியும் போக, ஒரு முந்திரிக்கும் குறைவாகக் கொஞ்சம் மிஞ்சும். 22/7-ஐ அளந்தாலும் அச்சு அசலாக அதே விடை! முந்திரி அளவில் இரண்டும் ஒன்று. பிரித்துக் காட்ட வேண்டுமானால் கீழ்முந்திரிக்கு இறங்க வேண்டும்.

இதனால் என்ன நஷ்டம் என்பீர்கள். நம்ம கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அது வட்டமில்லைதான், பேச்சுக்கு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். பையால் வகுத்தால் விட்டம் 4,456.3 மீட்டர். 22/7-ஆல் வகுத்தால் 4,454.5 மீட்டர். பழைய சமணக் கணக்கர்கள் பைக்குப் பதிலாக வைத்துக்கொண்ட √10-ஆல் வகுத்தால் 4,427.2 மீட்டர். வரிசை தலைகீழாகத் திரும்பிவிட்டதைக் கவனியுங்கள்! வகுக்கும் எண் பெரிதானால் விடை சிறிதாகும். பரீட்சையில் பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தசமத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு எண்கள் வேறு என்று அது காட்டும்; சமம் என்று ஒருநாளும் காட்டாது. √2 + √3-ஐ ஒரு பக்கம் வையுங்கள். 5-உடன் 2√6-ஐக் கூட்டி, அந்தத் தொகையின் வர்க்கமூலத்தை இன்னொரு பக்கம் வையுங்கள். கோடி இலக்கம் போட்டாலும் வேலி பிரியாது. "அடுத்த இலக்கத்தில் பிரியுமோ?" என்ற சந்தேகமும் தீராது. முதல் எண்ணை வர்க்கப்படுத்துங்கள், 5 + 2√6 வந்துவிடும். இரண்டும் ஒரே எண். ஒரே வரியில் வழக்கு முடிந்தது.

இப்போது நம் ராமானுஜன் வைத்த ஒரு விருந்து. 1914-ல் வெளிவந்த கட்டுரையில் பைக்கு ஒரு தோராயம் கொடுத்தார். 2143-ஐ 22-ஆல் வகுத்து, நான்காம் மூலம் எடுக்க வேண்டும். கோட்பாட்டிலிருந்து வந்ததல்ல, எண்களோடு பழகிக் கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைக்காரர் வைத்திருக்கும் எட்டு இலக்கக் கால்குலேட்டரில் வகுத்துவிட்டு, ரூட் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். 3.1415926 என்று வரும். பையின் முதல் எட்டு இலக்கங்களும் அதே! அப்படியானால் இரண்டும் சமமா?

சமமில்லை என்பதற்கு இலக்கமே தேவையில்லை. முழு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் பை தீர்வாக வராது என்று 1882-லேயே லிண்டமன் நிரூபித்துவிட்டார். ராமானுஜன் எண்ணின் நான்காம் படியோ வெறும் பின்னம். எனவே இரண்டும் ஒன்றாக முடியாது. ஆனால் எது பெரியது? அதை லிண்டமன் சொல்ல மாட்டார். அதற்குத் தசமத்திடம்தான் திரும்பி வர வேண்டும். எட்டாம் தசம இடம் வரை கூடவே நடக்கின்றன. ஒன்பதாவதில் ராமானுஜன் எண் 3.141592652, பை 3.141592653. பைதான் பெரியது. பூமியின் விட்டத்தை இந்த இரண்டாலும் பெருக்கிச் சுற்றளவு கண்டுபிடித்தால், விடைகளுக்குள் வித்தியாசம் ஏறக்குறைய ஒண்ணேகால் சென்டிமீட்டர்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.