கைவினை மரப்பேனா: தேர்தலும் பேணலும்



இலக்கிய விழா மேடைகளில் பொன்னாடையோடு வழங்கப்படும் பரிசுகளுள் ஒன்று பேனாவாகும். கையால் கடைந்த மரப்பேனாவும் அவ்வாறு வழங்கப்படுவதுண்டு. பெறுபவர் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறார். வீட்டிற்கு வந்ததும் மை நிரப்பித் தம் பெயரை ஒருமுறை எழுதிப் பார்க்கிறார். பிறகு அது கண்ணாடி அலமாரிக்குச் சென்றுவிடுகிறது. ஓராண்டு கழித்து எடுத்தால் மை உள்ளே இறுகிக் கிடக்கிறது. பேனா எழுத மறுக்கிறது. கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. உண்மையில் அது கெடவில்லை, எழுதப்படாமையால் அடைபட்டிருக்கிறது. மரப்பேனாவைத் தேர்வோரும் பேணுவோரும் முதலில் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதுவே. காட்சிக்கென்று தேர்ந்தால் தவறான பேனா வந்து சேரும். காட்சியில் வைத்துப் பேணினால் நல்ல பேனாவும் பாழாகும்.

ஊற்றுப்பேனாவின் இயக்கம் எளியது. மை கீழே இறங்க வேண்டுமாயின் அதே அளவு காற்று மேலே ஏற வேண்டும். முள்ளுக்கு அடியில் அமைந்த நாக்கு என்னும் பகுதியின் நுண்ணிய பள்ளங்கள் இவ்விரு பணிகளையும் செய்கின்றன. 1884இல் லூயிஸ் வாட்டர்மன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இத்தகைய நாக்கு அமைப்புக்கே. மயிரிழை போன்ற அப்பள்ளங்களில் மை உலர்ந்து படிந்தால் இயக்கம் நின்றுவிடும். உடல் எத்துணை விலையுயர்ந்த மரமாயினும் எழுதுவது முள்ளும் நாக்குமே. ஆகவே மரத்தின் அழகில் கண்ணை வைப்பதற்கு முன் முள்ளில் கையை வைத்துப் பார்த்தல் நன்று.

தமிழ் எழுதும் கைக்கு இது இன்னும் பொருந்தும். ண, ஞ, ழ முதலிய எழுத்துகளில் முள் மேலும் கீழும், இடமும் வலமும் சுழன்று வர வேண்டியிருக்கிறது. முனை தடித்த முள்ளில் சிறிய சுழிகள் மையால் அடைபட்டுவிடும். மிக மெல்லிய முள் மட்டமான தாளின் நாரைக் கிளறும். சிறுத்து எழுதும் கைக்கு மெல்லிய முள்ளும், பரந்து எழுதும் கைக்கு நடுத்தர முள்ளும் பொருந்தும். கடையில் கையொப்பம் மட்டும் இட்டுப் பார்ப்பது போதாது. தாம் வழக்கமாக எழுதும் தாளைக் கொண்டுசென்று, நான்கு வரியேனும் எழுதிப் பார்க்க வேண்டும். மூடியைப் பின்புறம் செருகியும் செருகாமலும் எழுதினால் எடை எப்பக்கம் சாய்கிறது என்பது விளங்கும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் விரல் நோகுமாயின் அப்பேனா அக்கைக்கு உரியதன்று.

அடுத்தது மரம். வெட்டப்பட்ட பின்னும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கும். வறண்ட நாளில் அதை விடும். நாரின் நீளவாக்கில் அது பெரிதும் மாறுவதில்லை, குறுக்கேதான் சுருங்கும். அக்குறுக்கிலும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையைக் காட்டிலும் வளையங்களை ஒட்டிய திசையில் ஏறத்தாழ இருமடங்கு சுருங்கும். ஆகவே நன்கு உலராத மரத்தில் கடைந்த உருளை நாளடைவில் வட்டம் மாறும். பல மரப்பேனாக்களின் உள்ளே பித்தளைக் குழாய் உண்டு. மரம் சுருங்கும், ஈரம் வற்றியதற்காகக் குழாய் சுருங்காது. மேலே உள்ள மெல்லிய மரம் விரிசல் விடுவது இதனாலேயே. எனவே மரம் எது என்பதோடு, எவ்வளவு காலம் உலர்த்தப்பட்டது என்பதையும் கடைசல்காரரிடம் கேட்டறிய வேண்டும். தேக்கு ஈரத்திற்கு அதிகம் அசையாத மரம். ஆயினும் அதன் துளைகள் திறந்தவை. கருங்காலி செறிவானது, கண்ணாடிபோல் மெருகேறும். உலரும் காலத்தில் எளிதில் வெடிக்கும். ஈட்டி, செஞ்சந்தனம் ஆகியவற்றை வாங்குவோர் முறையான இரசீது பெறுதல் வேண்டும். செஞ்சந்தனம் 1995 முதலும், ஈட்டியின் பேரினம் முழுவதும் 2017 முதலும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. திருட்டு மரத்தில் கடைந்த பேனாவால் அறம் பாடுவது பொருந்தாது.

மரம் எங்கே இருக்கக் கூடாது என்பதும் அறியத்தக்கது. விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதியும் மூடியின் மரையும் எபோனைட்டிலோ உலோகத்திலோ இருத்தல் நலம். மரத்தில் வெட்டிய மரை நாளடைவில் பொடியும். சொட்டுக் குழலால் உடலுக்குள்ளேயே மை ஊற்றும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. இராஜமுந்திரியில் 1930களில் சுதேசி உணர்வோடு எழுந்த பேனாத் தொழிலும், திருவள்ளூரின் கைக்கடைசல் பேனாக்களும் எபோனைட்டால் பெயர் பெற்றவை. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பராகிய எபோனைட்டு மையை உறிஞ்சாது. மரம் உறிஞ்சும். ஆகவே மரப்பேனாவில் மையைத் தாங்க உள்ளே தனிக் கலம் வேண்டும். கழற்றி நிரப்பும் கன்வர்ட்டர் உள்ளதே பாதுகாப்பானது.

இனிப் பேணல். ஊற்றுப்பேனாவிற்கென்று செய்த மையையே ஊற்ற வேண்டும். படம் வரையும் இந்தியன் இங்க்கில் அரக்குப் பசை கலந்திருக்கும். அது நாக்கை அடைத்துவிடும். திங்களுக்கு ஒருமுறையும், மை நிறம் மாற்றும் போதும், கழுத்துப் பகுதியை மட்டும் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். நீர் தெளிந்து வரும்வரை கன்வர்ட்டரால் இழுத்து விடுவது போதும். வெந்நீரும் சாராயக் கரைசலும் கூடா. மர உடலை ஒருபோதும் நீரில் ஊற வைக்கலாகாது; மை பட்டால் உடனே துடைத்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும், அடுப்பங்கரை மாடத்திலும், குளிர்பதனப் பெட்டியின் காற்று நேரே படும் இடத்திலும் வைத்தல் தகாது. மெருகு பூசிய பேனாவிற்கு உலர்ந்த பருத்தித் துணி போதும். மெருகு பூசாததாயின் ஆண்டுக்கு இருமுறை சிறிது தேன்மெழுகு தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் உலராது. பிசுக்கேறித் தூசியைச் சேர்க்கும். நெடுநாள் எழுதப் போவதில்லை எனில் மையை நீக்கி, அலசி, உலர்த்தி வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் மேலான பேணல் நாள்தோறும் எழுதுவதாகும். எழுதும்போது புதிய மை பள்ளங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது, படிவதற்கு நேரமில்லை. மெருகு பூசாத மரத்தில் விரல் படும் இடம் மெல்லக் கருத்துப் பளபளப்பு ஏறுகிறது. பட்டறையில் எவராலும் ஏற்ற இயலாத அம்மெருகை ஏற்றுவது உரியவரின் கை மட்டுமே.

பத்தாண்டு காணும் வட்டம் இனிப் பேனா வழங்கும்போது மூன்றைச் சேர்த்து வழங்கலாம்: ஒரு புட்டி மை, ஒரு கட்டுத் தாள், செய்தவர் பெயரும் பழுதுபார்க்கும் இடமும் எழுதிய ஒரு சீட்டு. பெற்றவர் அடுத்த ஆண்டு விழாவிற்கு அப்பேனாவால் எழுதிய கவிதை ஒன்றோடு வருவாராக. பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தாலும் குற்றமில்லை. பேனாவின் கழுத்தில் மைக்கறை இருக்க வேண்டும்.