கதை சொன்னவர் யார்? தொகுத்தவர் யார்?



நாட்டார் வழக்காற்றியலில் ஆய்வு செய்கிறேன். எங்கள் துறையில் கதை சொல்பவருக்குப் பெயர் ‘தகவலாளி’. அதை எழுதிக்கொள்பவர் ‘ஆய்வாளர்’. இந்தப் பிரிவினையின் பழைய தடம் ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

1868இல் ‘ஓல்டு டெக்கான் டேஸ்’ என்ற நூல் லண்டனில் வெளியானது. இந்தியாவில் வாய்மொழியாகக் கேட்டு ஆங்கிலத்தில் தொகுத்த ஆரம்பகாலக் கதைநூல்களில் அதுவும் ஒன்று. தொகுத்தவர் மேரி ஃப்ரியர், பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியரின் மகள்.

1865 குளிர்காலத்தில் ஆளுநரின் பரிவாரம் தக்காணத்தில் முகாம் முகாமாகச் சென்றது. அதில் மேரிக்குத் துணையாக இருந்த பெண் அவருடைய ஆயா அன்னா லிபரேட்டா டி சோசா மட்டுமே. மேரி கதை கேட்டார். அன்னா தன் பாட்டியிடம் கேட்ட கதைகளைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். மேரி எழுத்தாளரானது இப்படித்தான்.

மேரி சில நல்ல காரியங்களும் செய்தார். எழுதியதை அன்னாவிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார். அன்னா சொன்ன வாழ்க்கைக் கதையையும் நூலில் சேர்த்தார். அதனால்தான் இன்று நமக்கு அன்னாவைத் தெரிகிறது. அவருடைய முன்னோர் லிங்காயத்துகள். தாத்தா கிறித்தவரானதும் குடும்பத்தோடு வீட்டைவிட்டு விரட்டப்பட்டார். கணவர் இறந்தபின் அன்னா ஆயா வேலைக்கு வந்தார்.

இந்தக் கிறித்தவப் பெண் சொன்ன கதைகளுக்கு நூலின் தலைப்புப் பக்கம் வைத்த பெயர் ‘இந்துக் கதைகள்’. தொகுத்தவர் என்று அச்சானது மேரியின் பெயர்.

அதே தக்காணத்தில், அதற்கு 13 ஆண்டுகள் முன்பே, சாவித்திரிபாய் – ஜோதிராவ் ஃபுலேயின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே ஒரு கட்டுரை எழுதினார். 1855இல் ‘ஞானோதயா’ இதழில் அவர் பெயரிலேயே வந்தது. வேதம் பார்ப்பனர்களுக்கு மட்டும்தான் என்றால் எங்கள் மதம் எது என்று அதில் கேட்டார். எந்த மேரியும் அவருக்காக எழுதித் தரவில்லை. ஒரு பள்ளி இருந்தது, அவரே எழுதினார். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுப்பதாகச் சொல்பவர்களிடம் நாம் முக்தாவைக் காட்ட வேண்டும்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவலாளிகள் பட்டியல் போடுகிறோம்: பெயர், வயது, சாதி, தொழில். பட்டம் நமக்கு, பட்டியலில் ஒரு வரி அவர்களுக்கு. அந்த வரியிலும் சாதியைக் கேட்காமல் விடுவதில்லை.

கதைக்கு மேலே சொன்னவரின் பெயரைப் போடுவோம். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுவோம். ஒலிப்பதிவின் நகலை அவர் வீட்டில் கொடுப்போம். நூலாக வந்தால் உரிமைத்தொகையில் பங்கு தருவோம். வாசித்துக் காட்டுவதை ஓர் ஆளுநரின் மகள் அன்றே செய்துவிட்டார். அம்பேத்கரையும் பெரியாரையும் படித்த நாம் அதைத் தாண்டியாக வேண்டும்.