வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்புக்குள் கண்டுபிடிப்போம்

(நம் அறக்கட்டளையின் மாலை நேரப் படிப்பகத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



படிப்பக ஆசிரியைகளே, பள்ளிகளிலிருந்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! இன்று நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுவோம். மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள். நான்காம் வகுப்பிலிருந்து வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், கணக்கில் வரும் வாக்கியக் கணக்கு எல்லாமே வாசிப்பை நம்பித்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அது பிள்ளையைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஆனால் வாசிக்க வராத பிள்ளையும் சத்தமில்லாமல் மேலே போய்விடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் கனக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் பையன் கடை வேலைக்குப் போக ஆசைப்படுகிறான்; பெண்பிள்ளை "எனக்குப் படிப்பு வரலம்மா" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். ஐந்தாம் வகுப்பில் ஆறு மாதத்தில் சரிசெய்யக்கூடிய குறை, ஒன்பதாம் வகுப்பில் படிப்பையே நிறுத்திவிடுகிறது.

முதலில் யார் என்று தெரிய வேண்டும்

வாசிக்கத் தெரியாத பிள்ளை நம் கண்ணில் படாது. கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதும். நோட்டு சுத்தமாக இருக்கும். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது வாயை அசைக்கும். வீட்டுப்பாடத்தைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வரும்.

ஆகவே வருடத் தொடக்கத்தில் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் போதும். முடித்ததும் "இதில் என்ன நடந்தது? ஏன் அப்படிச் செய்தார்கள்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எழுத்து மட்டும் தெரிகிறதா, சொல் வருகிறதா, வாக்கியம் வருகிறதா, வாசித்தது புரிகிறதா என்று நான்கு நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள். 2005 முதல் நம் நாட்டுக் கிராமங்களில் நடத்தப்படும் அசர் கணக்கெடுப்பும் இப்படித்தான் பிள்ளைகளைத் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் இதே நோக்கத்தில்தான்.

எங்கே தடுக்குகிறது என்பதையும் எழுதி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு ல, ள, ழ குழப்பம். சிலர் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து வரும் 'கொ'வைப் பிரித்து 'கெ' என்றும் 'கா' என்றும் வாசிப்பார்கள். சிலருக்கு மெய்யெழுத்து மேல் வைக்கும் புள்ளி கண்ணிலேயே படாது. இப்படிக் குறித்து வைத்தால் எதைச் சொல்லித் தர வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

புத்தகத்தை முகத்தருகே பிடிக்கும் பிள்ளையையும், கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்க்கும் பிள்ளையையும் முன்வரிசைக்கு மாற்றி, பெற்றோரிடம் கண் பரிசோதனைக்குச் சொல்லிவிடுங்கள். கண்ணாடி ஒன்றே தீர்வாக இருக்கும் பிள்ளையை நாம் மக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

நிலைக்கு ஏற்ற இருபது நிமிடம்

படிப்பகத்துக்கு வந்ததும் பிள்ளை வீட்டுப்பாடத்தைத் திறக்கிறது. அது முடிவதற்குள் நேரம் போய்விடுகிறது. இனி முதல் இருபது நிமிடத்தை வாசிப்புக்கு வைப்போம். அப்போது வகுப்புவாரியாக உட்கார வேண்டாம்; வாசிப்பு நிலை ஒன்றாக இருப்பவர்கள் ஒன்றாக உட்காரட்டும்.

ஐந்து வரியில் ஒரு பத்தியை மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஆசிரியை விரல் வைத்து வாசிக்க, பிள்ளைகள் பின்தொடரட்டும். இரண்டாம் நாள் இருவர் இருவராக வாசிக்கட்டும். மூன்றாம் நாள் தனியாக வாசித்துவிட்டு, அதைப் பற்றிச் சொந்தமாக இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிழை இருந்தாலும் பரவாயில்லை. பார்த்து எழுதிய ஒரு பக்கத்தைவிடச் சொந்தமாக எழுதிய இரண்டு வாக்கியம் மேல்.

பத்து வயதுப் பையன் கையில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவான். கிரிக்கெட், பேருந்து நிலையம், பெருநாள் கடைவீதி என்று அவன் வயதுக்கேற்ற விஷயத்தை எளிய சொற்களில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். கதையை முதலில் உருதுவிலேயே சொல்லவிடுங்கள். பிறகு தமிழ்ச் சொல்லைக் கொடுங்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கும் பேச்சு வேறு, புத்தகம் வேறு. "போயிட்டு வந்தான்" என்று பேசும் பிள்ளை "சென்று வந்தான்" என்பதைப் புத்தகத்தில்தான் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பயம் போய்விடும்.

கணக்கில் தவறு சொல்லும் சேதி

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். விடை 25. பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. கடன் வாங்குவது என்றால் என்ன என்று அதற்குப் புரியவில்லை. இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் இருபதையும் அதே மாதிரிதான் போடும். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். நான்கு கட்டு, இரண்டு உதிரி. ஒரு கட்டை அவிழ்த்தால் பன்னிரண்டு உதிரி. பிள்ளை கையால் அவிழ்த்துப் பார்க்கட்டும்.

முந்நூற்று இரண்டை 3002 என்று எழுதும் பிள்ளைக்கு இடமதிப்பு புரியவில்லை. 0.25, 0.5-ஐவிடப் பெரியது என்று சொல்லும் பிள்ளை 25-ஐயும் 5-ஐயும் ஒப்பிடுகிறது. கால் கிலோ, அரை கிலோ என்று கடையில் வாங்குவதை நினைவுபடுத்தினால் அதுவே சிரித்துக்கொண்டு திருத்திக்கொள்ளும்.

கேள்வி கேட்கும் முறை

பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற பிள்ளைகள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு வினாடிகூடக் காத்திருப்பது அரிது என்று கண்டார். மூன்று வினாடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. பதில் சொல்லாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

ஆளுக்கொரு சிலேட்டு கொடுத்து, விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கை தூக்கும் நான்கு பேரை வைத்து வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கும் நிலை இருக்காது.

கம்பு வேண்டாம்

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று இன்றும் சில அத்தாமார்கள் பள்ளியில் சொல்லிவிட்டு வருகிறார்கள். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசையில்தான் சொல்கிறார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அடிக்குப் பயந்த பிள்ளை தனக்குத் தெரியாததை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். மறைத்துவிட்டால் நாம் எப்படிச் சொல்லித்தருவது? "மிஸ், எனக்கு இது வரல" என்று பயமில்லாமல் சொல்லும் பிள்ளைக்குப் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

தினமும் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்காருங்கள், நன்னிகூடக் கேட்கலாம். எங்கே திணறுகிறது என்பது காதுக்குத் தெரியும். கரண்ட் பில், ரேஷன் கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாசிக்கக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

நம் பிள்ளைகள் காலையில் மதரஸாவில் ஓதிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள், மாலையில் படிப்பகம். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் பிள்ளைக்கு எதுவும் ஏறாது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு தருகிறார்கள். அதைத் தவறவிடாத நேரத்துக்கு அனுப்புங்கள். இரவு சீக்கிரம் தூங்க வையுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். கூட்டத்துக்குப் போங்கள். "எத்தனை மார்க்கு?" என்பதோடு, "என் பிள்ளை வாசிக்கிறானா?" என்றும் கேளுங்கள்.

படிப்பக ஆசிரியைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரமே தனித்தனி வாசிப்பைத் தொடங்குங்கள். பட்டியல் நம்மிடம் மட்டும் இருக்கட்டும். சுவரில் ஒட்ட வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே பத்தியை மீண்டும் வாசிக்கச் சொல்லி, முன்னால் குறித்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் எந்தப் பிள்ளையும் வாசிக்கத் தெரியாமல் நம் வாசலைத் தாண்டக் கூடாது, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.